கூரைக்குப் போர்வை

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறது. பேரனுக்குக் கழுத்து நின்றுவிட்டது என்று நீ எழுதியதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள். வியாபாரம் கெடுகிறது.

புயலைப் பற்றிக் கேட்டிருந்தாய். மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு வாரம் தீவுக்குக் கப்பல் வரவில்லை. போன புயலில் உப்புத் தண்ணீரில் தலை குளித்துவிட்டு, "இந்த ஊருக்குக் கைக்குழந்தையத் தூக்கிட்டு வரவே மாட்டேன்" என்றாயே, அதே கதைதான் என்று நானும் பயந்தேன்.

இப்போது நம் கிடங்குக் கூரை முழுக்க சோலார் பலகை. அந்தக் கரண்டில் கடல்நீரை நல்ல தண்ணீராக்கி மேட்டுத் தொட்டிக்கு ஏற்றுகிறோம். மிஞ்சுகிற கரண்டில் ஐஸ். வீடுகளில் குளித்த தண்ணீர் வடிகட்டிக் கீரைத் தோட்டத்துக்குப் போகிறது. ஒன்று படுத்தால் எல்லாம் படுக்கும் என்பதால் ஊரில் ஆளாளுக்கு அடுத்தவன் வேலையில் மூக்கை நுழைக்கிறான்.

தண்ணீர் கேன் விற்று ஆளானவன் நான். என் பிழைப்பின் கழுத்தை நானே அறுத்துக்கொண்டேன் என்று சிரிக்கிறார்கள். ஐஸில்தான் லாபம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்புகிறார்கள்.

மேகம் மூடிய நாட்களில் தொட்டித் தண்ணீர் தாங்கியது. முன்பே கட்டி வைத்த ஐஸால் மீனும் கெடவில்லை. வெயில் வந்த அன்றுதான் கூத்து. சுள்ளென்று அடிக்கிறது, கரண்டோ சொட்டுக்கூட இல்லை. தொட்டியில் தரை தெரிகிறது. தண்ணீர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் உன் மாமாவும் நானும் ஒயர் ஒயராகத் தடவினோம்.

"உங்க ஐஸ் மெஷின்தான் எல்லாத்தையும் குடிச்சிடுச்சு மச்சான்" என்கிறார் அவர். "ஆமா, உன் மோட்டார் பட்டினி கிடந்துச்சு" என்கிறேன் நான்.

அப்போது கீரைத் தோட்டக்காரம்மா காலிக் குடத்தோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். "ஏண்ணே, இந்த வெயில்ல கூரைக்கு எதுக்குப் போர்வை? குளிருதாமா?" என்றாள்.

புயலுக்கு முன்னால் உன் மாமா பலகைகள்மேல் நீலத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு மறந்தே போயிருக்கிறார்! கீழிருந்து பார்த்தால் பலகை மாதிரியே இருக்கிறது. எத்தனையோ வருஷம் நம் கடையில் மழைக்கு மூட்டை மூடிப் பழகிய கை. "நனைஞ்சா கெட்டுடாதா மச்சான்?" என்று என்னையே கேட்கிறார். அவரை வைவதா, பழக்கிவிட்ட என்னை வைவதா?

தார்ப்பாயை உருவினோம். மதியத்துக்குள் தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. கப்பல் சரக்கு இல்லாத கடையில் கீரையும் மீனும் வைத்து விற்றேன். ஒரு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. குழந்தை வைத்திருக்கிற வீடுகள் உட்பட.

உன்னை வா என்று நான் கேட்கவில்லை. உன் முடிவு உனக்கு. மாடியில் உன் அறைக்குத் தனிக் குழாய் இழுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அம்மா காலையில் திறந்து பார்த்து மூடுகிறாள். வீணாகிறதே என்று நான் சத்தம் போடுவதில்லை. சாயங்காலம் நானும் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். நல்ல வேகமாகத்தான் வருகிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரனுக்கு ஆசீர்வாதத்தில் பாதியை இதில் வைத்திருக்கிறேன். மீதியை வெளியூருக்கு அனுப்புவதில்லை. கடைக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
வழக்கம்போல கடையில் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா