சரம் பின்னும் கை

இசைவாணியின் அப்பாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள் இதை எழுதுகிறாள். என் வலது கை இருக்கும் நிலை உங்களுக்குத் தெரியும்.

விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் வெடித்தபோது, எனக்காக நஷ்டஈடு கேட்டு அலைந்தவர் நீங்கள்தான். "வெரலு அம்புட்டும் ஒட்டிப்போச்சு சார், சோறுகூட நான்தான் ஊட்டி விடுதேன்" என்று அதிகாரி முன்னால் அழுதீர்கள். பணம் கைக்கு வந்த மாதமே எங்கள் இருவரையும் திருத்தங்கலில் என் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனீர்கள்.

இப்போது விவாகரத்து வழக்கில், நான் தினமும் கம்பெனிக்குப் போய்ச் சரவெடி பின்னிச் சம்பாதிப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதனால் ஜீவனாம்சம் தர வேண்டியதில்லையாம்.

பொய்க்கு வேறு வேலையா கிடைக்கவில்லை? பத்து விரலும் ஓடாமல் சரம் பின்ன முடியாது என்பது சிவகாசியில் யாருக்குத் தெரியாது? என் வக்கீல் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, நீதிபதிக்கு முன்னால ஒரு சரம் பின்னிக் காட்டுதீகளா?" என்றார். சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை வாய்தாவுக்குத் தவறாமல் வாருங்கள். நூலும் மருந்து நிரப்பாத வெறும் குழாய்களும் நான் கொண்டுவருகிறேன். பின்னு என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தீர்ப்பு வரும்வரை உங்கள் மனைவி