புஷ்பவள்ளியின் டூட்டு

காரைக்குடி
3.4.2025

அன்பு மகள் ரோகிணிக்கு அப்பா எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலாவது உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்வது நல்லது. போன செவ்வாய்க்கிழமை நான் உன் அம்மாவுடைய கவுனைப் போட்டுக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. நாடக நடிகர் சங்கத்தில் ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்குப் படத்திறப்பு. நீ இங்கிலாந்திலிருந்து தைத்து அனுப்பினாயே வெள்ளை வலைக் கவுன், அதையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்கிறார் செயலாளர் அழகுசுந்தரம். பெட்டி செய்ய ஒரு போட்டோ கேட்டார். கட்டிலில் போட்டால் அது நமுத்த அப்பளமாகக் கிடக்கிறது. உள்ளே ஓர் ஆள் நின்றால்தான் விரிகிறது. வீட்டில் இருக்கிற ஒரே ஆள் நான்.

நீ எந்த அளவுக்குத் தைத்தாயோ, அம்மாவுக்கே இரண்டு பக்கமும் ஒட்டுத்துணி வைத்துத்தான் ஏறியது. அந்தப் புண்ணியத்தில் எனக்கும் ஏறிவிட்டது. கழற்றத்தான் முடியவில்லை. முதுகுக் கொக்கி எட்டவில்லை. இடுப்பைச் சுற்றித் தாம்பாளம் மாதிரி நிற்கிறது, குனிந்தால் என் கால் எனக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சிட்டாள் மாவு கொண்டுவந்தாள்.

“அண்ணே! என்ன கோலம் இது? அண்ணி போயி மூணு மாசங்கூட முழுசா ஆகல!”

“போட்டோவுக்குத் தங்கச்சி. கொக்கியைக் கழட்டி விட்டுட்டு அப்புறம் திட்டு.”

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் தாம்பாளத்துக்கு நடுவில் வைத்த சொம்பு மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா போனதிலிருந்து நீ போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் “வேலையில இருக்கேன்ப்பா” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபால். ஜூன் எட்டுக்கு வந்துவிடு. கவுனைப் பற்றி நாலு வார்த்தை நீதான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா,
பபூன் மாயக்கண்ணன்


மான்செஸ்டர்
21.4.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பாட்டி எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

கவுனைக் கட்டிலில் போடாதீர்கள். இதற்கு இங்கே டூட்டு என்று பெயர். இடுப்புப் பக்கம் கீழே, வலை மேலே இருக்கும்படி தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் தொய்ந்துவிடும். தண்ணீரில் நனைக்கக் கூடாது. வேர்வை வாடை இருந்தால் வோட்காவைத் தெளித்துக் காற்றில் விட வேண்டும். ஒரு ஆட்டம் முடிந்து வரும் கவுன்களின் வாடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்குளில் உப்பு பூத்திருக்கும். மேக்கப் கறைக்குத் தனி மருந்து.

நோட்டீஸுக்கு வேண்டுமென்றால் இதைப் போடுங்கள். முந்நூறு வருஷத்துக்கு முன் பாலே ஆடிய பெண்கள் தரையைக் கூட்டும் கனமான உடுப்பில்தான் ஆடினார்கள். துள்ளிக் குதிப்பதெல்லாம் ஆண்கள். ஒருத்தி தன் கால்வேலையை ஜனம் பார்க்கட்டும் என்று பாவாடையைக் கணுக்கால் தெரிய வெட்டினாள். பெரிய ரகளையாம். அதற்கு நூறு வருஷம் கழித்து மெல்லிய வெள்ளைத் துணியில் மணி மாதிரிப் பாவாடை வந்தது. அப்போது மேடையில் எரிந்தது கேஸ் விளக்கு. துணியில் தீப் பற்றிச் செத்தவர்கள் பலர். தீப்பிடிக்காத மருந்தில் நனைத்தால் வெள்ளை மங்கிவிடும் என்று நனைக்க மறுத்தவர்களும் உண்டாம். கால்வேலை கூடக்கூட பாவாடை மேலே ஏறியது. கடைசியில் இடுப்பிலேயே தாம்பாளமாக நின்றுவிட்டது.

எங்கள் பாலே கம்பெனியில் ஜூனில் புது நிகழ்ச்சி இருக்கிறது. லீவு கிடைப்பது கஷ்டம். கோபப்படாதீர்கள்.

உங்கள்
ரோகிணி


காரைக்குடி
8.5.2025

அன்பு மகளுக்கு,

கவுனை வௌவால் மாதிரித் தொங்கவிட்டுவிட்டேன். சிட்டாள் அந்த அறைப்பக்கம் வருவதில்லை. துணிக்கு வோட்கா அடிக்கும் விஷயத்தை ஹார்மோனியம் காளிராஜிடம் சொன்னேன். “மாப்ளே, அடுத்த பிறவியில கவுனாப் பொறக்கணும்டா” என்கிறான். அவனுக்கு இந்தப் பிறவியிலேயே தெளிக்க ஆள் இருக்கிறது.

பாவாடையை வெட்டிய பெண்ணைப் பற்றிப் படித்ததும் உன் அம்மா ஞாபகம்தான் வந்தது. நீ பிறப்பதற்கு முன்னால், நாட்டரசன்கோட்டைப் பக்கம் ஒரு திருவிழா. எங்கள் ஸ்பெஷல் நாடகம் தெரியுமே, ராஜாவும் ராணியும் மேடைக்கு வருவதற்கு முன்னால் பபூனும் டான்ஸும் வந்து ஜனத்தைத் தட்டி எழுப்ப வேண்டும். அன்றைக்கு ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து, “பாவாடையக் கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொல்லுங்கப்பா, பொம்பளைக இருக்காக” என்றார். அம்மா பவுடர் பூசிக்கொண்டே சொன்னாள்: “காலு தெரியப்படாதுன்னா சலங்கை எதுக்குங்க? உண்டியல்ல போட்டுருங்க.” பெரியவர் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். விடியும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

சரி, விளையாட்டு போதும். பாஸ்போர்ட் விசா ஆபீஸில் மாட்டிக்கிடக்கிறது என்றுதான் நீ அம்மா காரியத்துக்கு வரவில்லை. அதை நான் ஊருக்கெல்லாம் சொல்லி நம்ப வைத்தேன். இப்போது பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது என்று நீயே மெசேஜ் போட்டாய்.

நீ வரவில்லை என்றால் நான்தான் பேச வேண்டும். நான் பேசினால் ஜனம் சிரிக்கும். சுடுகாட்டில் கொள்ளிக்குடம் தூக்கும்போது கால் தடுக்கியதே, அதற்கே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. முப்பது வருஷமாக நான் விழுந்தால் சிரிக்க வேண்டும் என்று பழக்கி வைத்தவன் நான். அவளுக்காக ஒரு தடவையாவது சிரிப்பில்லாத பேச்சு வேண்டும். அதற்கு ஆள் நீதான். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடமெல்லாம், “எம்மக சீமையில டான்ஸ்காரிகளுக்குத் தைக்கிறா” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது. “அன்னாரின் மகள் தம் கையால் தைத்த உடுப்பு காட்சிக்கு வைக்கப்படும்” என்று போட்டிருக்கிறார்கள். வா தாயி.

அப்பா


மான்செஸ்டர்
30.5.2025

அப்பா,

நோட்டீஸில் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

நான் தைக்கவில்லை. இங்கே தையலில் என்னை வைத்துக்கொள்ளவில்லை. வந்த சில மாதங்களிலேயே, கை நிதானம் போதாது என்று சலவைக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து சலவைதான். ஆட்டம் முடிந்து வரும் உடுப்புகளைப் பிரித்து, தெளித்து, தேய்த்து, தொங்கவிடுவது என் வேலை. தைப்பவர்கள் மாடியில் இருக்கிறார்கள். நான் கீழே.

அந்தக் கவுன் கழித்துப் போட்டது. வலை கிழிந்து, பழுத்து, குப்பைக்குப் போக இருந்தது. நான் கேட்டு வாங்கினேன். கிழிசலை இழுத்துக் கட்டினேன், பழுப்பை எடுத்தேன். என் கை பட்டது அவ்வளவுதான். பார்சல் வருமுன் நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மா போனில், “அத்தனை மடிப்பும் உன் கையா?” என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த தடவை பேசும்போது ஊரே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் போன் அடித்தாலே பயம். அவள் உடம்பு முடியாமல் படுத்த பிறகும் நான் சரியாகப் பேசவில்லை.

அம்மா அதை நம்பிக்கொண்டே போய்விட்டாள். அவள் படத்துக்கு முன்னால் அந்தக் கவுன் பக்கத்தில் வந்து என்னால் நிற்க முடியாது. பாஸ்போர்ட் டிசம்பரிலேயே என் கையில் இருந்தது அப்பா. நான்தான் வரவில்லை.

இதைப் படித்த பிறகு எனக்கு எழுதப் பிடிக்கவில்லை என்றால் புரிந்துகொள்வேன்.

ரோகிணி


காரைக்குடி
14.6.2025

அன்பு மகள் ரோகிணிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமைதான் வந்தது. படத்திறப்பு அதற்கு நாலு நாள் முன்னாலேயே முடிந்துவிட்டது. தபால்காரர் முன்னாடி வந்திருந்தாலும் நான் நோட்டீஸைத் திருத்தியிருக்க மாட்டேன்.

கூட்டம் பரவாயில்லை. அழகுசுந்தரம் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, இரங்கற்பாவை நடுவில் ஒரு பத்தி விட்டு வாசித்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. காளிராஜ் தெளிப்பு இல்லாமல் வந்து, அம்மா ஆடும் மெட்டை முழுசாக வாசித்துவிட்டுக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

அப்புறம் நான் பேசினேன். கணுக்கால் கதை, கேஸ் விளக்குக் கதை எல்லாம் சொன்னேன். வெள்ளை மங்கக் கூடாதென்று மருந்தில் நனைக்காத பெண்களைச் சொல்லும்போது ஒரே வரியை இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அம்மாவும் மருந்து சாப்பிட்டால் முகம் ஊதுகிறது, ஒப்பந்தம் போய்விடும் என்று பாதியில் நிறுத்தியவள்தானே. “இந்தக் கவுனில் ஒவ்வொரு மடிப்பும் என் மகள் கை” என்று சொல்லி முடித்தேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அது எனக்கு வேண்டியிருந்தது. வந்ததும் தாங்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, சிரிப்பு இல்லாத மேடையிலிருந்து எப்படி இறங்குவது என்று தெரியாமல் நின்றேன். சிட்டாள்தான் கைபிடித்து இறக்கினாள்.

பாஸ்போர்ட் சங்கதி எனக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்காகச் சாகவும் இல்லை. நீ வா, வராமல் இரு. ஆனால் போன் அடித்தால் எடு.

கவுன் சங்கதி வேறு. அம்மா நம்பிக்கொண்டே போனாள் என்று எழுதியிருக்கிறாய். தன் உடுப்பையெல்லாம் தானே தைத்துப் போட்டவள் அவள். பார்சல் பிரித்த அன்றைக்கே உள்வெளியாகத் திருப்பிப் பார்த்துவிட்டாள். இடுப்புப் பட்டையின் உள்பக்கம் ஒரு நாடா தைத்திருந்தது. அதில் மையால், அதை முன்னால் போட்டு ஆடிய மூன்று பெண்களின் பெயர், இங்கிலீஷில், ஒன்றின் கீழ் ஒன்றாக. முதல் இரண்டையும் அடித்திருந்தார்கள்.

“பிள்ளைகிட்டக் கேட்டுப்புடாதீக” என்றாள். அப்புறம் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூன்றாவது பெயரையும் அடித்துவிட்டு, அதன் கீழே “டான்ஸ் புஷ்பவள்ளி, காரைக்குடி” என்று எழுதிக்கொண்டாள்.

அப்பா