பிரஷர் டாக்டர்

ஐப்பசி 6, திங்கள்
கொரோனாவுக்கு மூடிய சிங்கப்பூர் பாலம் திறந்த மறுவருஷம் இது. எங்கள் ஊர் கூலாயில் காலையிலிருந்து மழை. எனக்கு எழுதத் தெரியாது. பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. ஆண்டவனுக்கு நன்றி, போனுக்கும்.

கடைசி மகள் செல்வி சிங்கப்பூரிலிருந்து புதன்கிழமை வருகிறாள். அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிப்பு. என்ன ஆராய்ச்சி என்று கேட்டதற்கு "பிரஷர்ப்பா" என்றாள். போதாதா? காதரிடம் சொல்லியாயிற்று. என் பழைய எஸ்டேட் கூட்டாளி. தன் மகனுடைய சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பான். ரத்த அழுத்தக்காரன்.

"பத்து நாளா மாத்திரைய நிப்பாட்டிட்டேன்லா. மருந்து கலக்காத ஒரிஜினல் பிரஷர ஒன் மக பார்க்கட்டும்."

எனக்குப் பெருமை.

வாங்க: நெத்திலி, வாழைக்காய், குடைக்குக் கம்பி.

ஐப்பசி 8, புதன்
வெயில். செல்வி வந்தாள். மெலிந்திருக்கிறாள். நெத்திலி சம்பல் இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளும்போது காதர் விஷயத்தைச் சொன்னேன். கை நின்றுவிட்டது.

"அலமாக்! அப்பா, நான் ஆளுக்குப் பார்க்குற டாக்டர் இல்ல. கல்லுக்கு!"

கைகூடக் கழுவாமல் காரை எடுத்தாள். காதர் கல்லாவில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். கிளினிக். நூற்றுத் தொண்ணூறு. நர்ஸ் மிஸ்ஸி ஊசியைவிட நீளமாகத் திட்டினாள். படுக்க வைத்துவிட்டார்கள். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் வாய்தான் கொன்றிருக்கும்.

வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம். செல்வி போனில் படம் காட்டினாள். மிளகை விடச் சின்னதாய் ஒரு கறுப்புத் துணுக்கு.

"இது ஒரு ஆக்சைடுப்பா. காந்தம். ரெண்டு வைரத்துக்கு நடுவுல வச்சு நெருக்குவோம். அணுவெல்லாம் கிட்ட வரும், கோணலான பிடிப்பு நேராகும். சூட்டுல விட்டுப்போற காந்தம் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும்."

"அழுத்தத்த எடுத்துட்டா?"

"பெரும்பாலும் பழையபடி ஆயிடும்."

ரப்பர் அப்படியில்லை. அந்தக் காலத்தில் எஸ்டேட் ஸ்டோரில் ரப்பர் தாள்களை மிஷினில் அடுக்கி அழுத்துவோம்; திருகை அவிழ்த்தாலும் ஒட்டியே கிடக்கும். அவள் படிப்பு அவளுக்கு.

சாயங்காலம் நூற்று ஐம்பதுக்கு இறங்கியது. விட்டார்கள். நன்றி, நன்றி.

ஐப்பசி 9, வியாழன்
தூறல். காதர் வீட்டுக்குப் போனேன். மாத்திரை போட்டுவிட்டான், கண்ணால் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"கல்லுக்குப் பிரஷர் பார்க்குற புள்ளையா? அப்ப மொதல்ல ஒன் மண்டைய பார்க்கச் சொல்லுடா."

அவன் மனைவி சிரித்து, கஞ்சியைக் கொட்டிவிட்டாள்.

செல்வி திரும்பிப் போனாள். கல்லு டாக்டர் என்றாலும் டாக்டர்தான்.

அந்த அழுத்து மிஷினில் நாங்கள் ஏழு பேர். சின்னையா. பாலையா. அந்தோணி. இரண்டு முனியாண்டிகள். ஐந்து பேருக்கும் கடைசிப் பயணத்துக்குத் தோள் கொடுத்தாயிற்று. ஸ்டோரை இடித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டும் எத்தனையோ வருஷம். என்னை "டேய்" என்று கூப்பிட இன்னும் ஒருத்தன் இருக்கிறான்.

காதர்.