வெள்ளீயத்தின் சின்ன மேடு

ஆகஸ்ட் 2, 2005. செவ்வாய்.
விடியற்காலையிலிருந்து மழை. ஹப்சிகுடா ஏரியா முழுக்க முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்தபடி லேபுக்கு.
வந்துவிட்டது! நியூட்ரான் அளவுக்கு மிஞ்சிய வெள்ளீய அணுக்கரு. உபரி நியூட்ரான்கள் மேல்தோல் போல மொத்தமாக ஒரு பக்கம், உள்கரு எதிர்ப்பக்கம், இரண்டும் ஊசலாட்டம். அந்த ஊசலாட்டம்தான் கிராஃபில் சின்ன மேடு. மூன்று வருட உழைப்பு.
முதலில் செல்வத்துக்குத்தான் காட்டினேன். ஒரே நாளில் பி.எச்டி. சேர்ந்தவர்கள், ஒரே கைடு.
"நெசமாவா கல்பனா! புரோகிராமைக் குடு, நானும் ஓட்டிப் பாக்குறேன். சார்ட்ட பெறகு சொல்லலாம்."
கொடுத்தேன்.
வாங்க வேண்டியது: மெழுகுவத்தி, பால், குடைக்கம்பி.

ஆகஸ்ட் 12. வெள்ளி.
புழுக்கம். மேட்டில் பாதி பொய். அணுக்கரு முழுசாக இடம் நகர்வதும் ஊசலாட்டக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. என் தவறுதான். கழித்துவிட்டு ஓட்டினால் பாதி உயரம். ஆனாலும் மேடு மேடுதான்.
செல்வத்திடம் சொல்லப் போனேன். சீட்டில் இல்லை. போனும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 16. செவ்வாய்.
கேன்டீன்காரர்: "ஹவ், ஆமா மேடம், செல்வம் சார் எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாரே. ஜெர்மனி வேலையாம். உங்களுக்குத் தரலியா?"
அப்புறம்தான் இன்டர்நெட்டில் பார்த்தேன். கட்டுரை. என் கிராஃப், பழைய உயரத்தோடு. சார் பெயர், செல்வம் பெயர். கடைசி வரியில் நன்றி: 'Kalpna'. அதிலும் எழுத்துப்பிழை.
போய்க் கேட்டேன். செல்வம் தலை நிமிரவில்லை. "ஜெர்மனிக்காரங்க ஒரு பேப்பர் கேட்டாங்க. ஒனக்கு இன்னும் டைம் இருக்குல்ல."
சார், இங்கிலீஷில்: அடுத்ததில் உன் பெயர் முதலில் வரும். ஆக, அவருக்கும் தெரியும்.
தவறு இருப்பதை இருவரிடமும் சொல்லவில்லை. வாய் வரவில்லை. வரவழைக்கவும் இல்லை.


ஆகஸ்ட் 19. வெள்ளி.
செல்வத்தின் செமினார். ஹால் நிறைய ஆள். கை தூக்கினேன்.
"அணுக்கரு மொத்தமா நகர்றதைக் கழிச்சாச்சா?"
"கழிச்சாச்சு."
அவனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. எழுந்து போய் திருத்திய என் ஷீட்டைப் புரொஜெக்டரில் வைத்தேன். பாதி மேடு.
இதை யார் செய்தது என்று பின்வரிசையிலிருந்து யாரோ.
"நான். அந்தத் தப்பானதும் நான் செஞ்சதுதான்."
சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்களாம்.
படிக்கட்டில் செல்வம் வழிமறித்தான். கண் சிவந்திருந்தது.
"தப்புன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லலியே. இப்படியா நம்ப வச்சுக் கழுத்தறுப்ப?"
கேட்டது அவன். என்னைப் பார்த்து.