வேலி தாண்டிப் போன தழை

2025 ஜூலை 14

நம் செஞ்சிக் கோட்டை உலகப் பட்டியலில் ஏறிய வருஷம் இது. பெஞ்சல் புயலில் ஊரே மிதந்ததற்கு அடுத்த வருஷம். எழுத்து தெரியாத எனக்கு வருஷம் இப்படித்தான் தெரியும். தேதி போடுவது மருமகள் கலைமதி. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். தம்பி பச்சைமுத்துவைப் பற்றி நான் சொன்ன முதல் வார்த்தையை மட்டும் எழுத மாட்டேன் என்றுவிட்டாள். "நோட்டு நாறிடும் மாமா."

மகன் ஆதவன் ஊட்டிக்கு லாரி ஓட்டுகிறான். வரும்போது பன்னிரண்டு தொட்டியில் அசேலியா செடி கொண்டுவந்து இறக்கினான். கோட்டை பார்க்க வருகிற ஜனம் வாங்குமாம்.

"இந்த வெயிலுக்குத் தாங்காதுடா."

"நீ வச்சா பாறையிலயும் முளைக்கும் நைனா."

வேலிக்கு அந்தப் பக்கம் பச்சைமுத்து தன் ஆட்டிடம் சொன்னான்: "இன்னாடி, கெழவன் பூக்கடை போடறானா?" எங்களுக்குள் பேச்சு கிடையாது. அவன் ஆட்டிடம் சொல்வான், நான் காக்காயிடம் சொல்வேன். எங்கள் அம்மா பெற்ற ஐந்து பேரில் இப்போது மூன்று பேர் மிச்சம். நான், அவன், தொண்டூரில் கட்டிக்கொடுத்த தங்கச்சி மாரியம்மாள்.

ஆகஸ்ட் 3

இலை மஞ்சளாகிறது. நரம்பு மட்டும் பச்சை. போர் தண்ணீர்தான் காரணம், வாயில் வைத்தால் கரிக்கிறது.

அந்த போர் போட்ட வருஷம் அவன் கடப்பாரையால் அடித்து என் விலாவில் இரண்டு எலும்பு போனது. அதற்கு முன்னால், தெருவுக்கு கரண்ட் வந்த வருஷம், போஸ்ட் நடத் தோண்டிய குழியில் தள்ளி அவன் முன்பல்லை நான் உடைத்தேன். மனை அளந்த வருஷம் இரண்டு பேரும் மண்வெட்டியைத் தூக்கினோம். நடுவில் விழுந்தவள் மாரியம்மாள். அவள் நெற்றியில் இருக்கும் தழும்பு யார் போட்டது என்று இன்றுவரை எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். சொன்னதில்லை.

ஆகஸ்ட் 19

கொல்லையில் பாறைக்குழி இருக்கிறது. மழைத்தண்ணீர் நிற்கும். அதை மொண்டு ஊற்றுகிறேன். தொட்டி மண்ணைக் கொட்டிவிட்டுத் தென்னைநார்த் தூளும் மக்கின இலையும் போட்டேன். மேலே பச்சை வலை. புதிதாக விடுகிற இலை பச்சையாக வருகிறது.

அக்டோபர் 27

அடைமழை. ஒரு தொட்டியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிட்டது. பிடுங்கினால் சாணி நாற்றம். மற்ற செடிகளில் இலைக்கு அடியில் கறுப்புப் புள்ளி, கண்ணாடி ரெக்கை வைத்த பூச்சி. ஒவ்வொரு இலையாகத் திருப்பி இடது பெருவிரலால் நசுக்கினேன். காலை முழுக்கக் கொலை. மனசுக்கு இதமாக இருந்தது.

2026 ஜனவரி 29

பூத்துவிட்டது! இலையே தெரியவில்லை. வெட்டின காயம் மாதிரி சிவப்பு.

அந்தப் பக்கம் ஆட்டிடம் சொல்கிறான்: "பூ பரவாயில்லடி." கலைமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

மார்ச் 4

பூ ஓய்ந்ததும் வெட்டிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அடுத்த மொட்டும் சேர்ந்து போய்விடும் என்று ஊட்டியில் சொல்லி அனுப்பினார்கள். பதினொன்றையும் வெட்டினேன். இரண்டு கூடைத் தழை.

கலைமதி அள்ளிக்கொண்டு போனாள். "சின்ன மாமா ஆட்டுக்குப் போட்டுட்டேன் மாமா." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்டின தழையை ஆட்டுக்குப் போடாமல் குப்பையிலா போடுவார்கள்? இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து அந்த வேலியைத் தாண்டிப் போன முதல் நல்லது அதுதான்.

மார்ச் 5

ஆடு கத்துகிறது. பசிக் கத்தல் இல்லை.

மார்ச் 9, ஆஸ்பத்திரி

சொல்லிவிடுகிறேன்.

ஆறு ஆடு. வாயெல்லாம் பச்சை நுரை, கால் விறைத்துத் தரையை உதைத்தன. மாட்டு டாக்டர் இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது விஷமாச்சே, யார் போட்டது?" என்று கேட்டாராம். நான்கு செத்தன. அதில் ஒன்று சினை.

பச்சைமுத்து வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தான். கையில் கொடுவாள். முதலில் செடி. ஒவ்வொரு தொட்டியாக அடியோடு வெட்டினான். சட்டி உடைந்து சில்லு என் காலில் தெறித்தது. "விஷத்தை வச்சி வளத்தியாடா! பூவைக் காட்டி என்னை ஏமாத்துனியாடா!" என்னைப் பார்த்து, என்னிடமே, அவன் அப்படிப் பேசி எவ்வளவு காலம்!

"எவன்டா போட்டது? எவ போட்டா?"

கலைமதி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "நான்தான் போட்டேன். இன்னா பண்ணுவ?"

கழுத்துக்குத்தான் ஓங்கினான். இடது கையைக் குறுக்கே கொடுத்தேன். கை தப்பியது, பெருவிரல் போய்விட்டது. கீழே, முன்னமே உதிர்ந்து கிடந்த சிவப்புப் பூவோடு பூவாகக் கிடந்தது. நான் சும்மா நின்றேனா? உடைந்த சட்டியை எடுத்து அவன் மண்டையில் இறக்கினேன். இரண்டு கெழவர்கள் ரத்தத்தில் வழுக்கி வழுக்கி விழுந்தோம். அவன் அழுதான். வலிக்கு இல்லை, "என் செவல, என் செவல" என்று. செவலை அந்தச் சினை ஆடு.

கலைமதி பேனாவை வைத்துவிட்டாள். இன்றைக்குப் போதும்.

மார்ச் 11

போலீஸ் ஏட்டு வந்தார். யார் வெட்டினது என்று எழுதி வைத்திருக்கிறார், நான் கைரேகை வைத்தால் பச்சைமுத்து உள்ளே போவான். இந்த வயசில் போனால் வெளியே வரமாட்டான். போகட்டும் என்றுதான் இருந்தேன்.

"இடது பெருவிரலு இல்லைன்னா வலது வை பெருசு."

வலது கையை மடக்கிக்கொண்டேன். ஏன்? தெரியவில்லை. "ஆடு வெட்டும்போது கத்தி தவறிடுச்சி சார்."

"செத்த ஆட்டையாய்யா வெட்டுன?"

பக்கத்துக் கட்டில்காரன்கூடச் சிரித்துவிட்டான். ஏட்டு தாளை மடித்துப் பையில் வைத்தார். "யோசிச்சி சொல்லு."

மார்ச் 13

ஆதவன் வந்து இறங்கினான். சித்தப்பன் வீட்டைக் கொளுத்துகிறேன் என்று டீசல் கேனைத் தூக்கினான். கட்டுப் போட்ட கையாலேயே அறைந்தேன். கட்டு நனைந்துவிட்டது.

தொண்டூரிலிருந்து மாரியம்மாள் போன் செய்தாள். இளைப்பு வாங்குகிறது. "ரெண்டு பேரும் அடிச்சிக்கினு சாவுங்க. எனக்குக் கோடிச் சேலை போட மட்டும் ஒரு கை மிச்சம் வையுங்க."

மார்ச் 20

கலைமதி என்னைக் கேட்காமல் நேற்று வேலியைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டாள். "நான்தான் போட்டேன் சின்ன மாமா. தின்னட்டும்னுதான் போட்டேன்."

அவன் ஆடு கட்டுகிற வெறும் முளைக்குச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம், தலையில் கட்டோடு. "அப்ப அந்தக் கெழவன் ஏன் அவன் பேரைச் சொன்னான்?"

"நீங்க கொடுவாளோட வந்தீங்க."

தண்ணீர்ச் சொம்பைச் சுவரில் எறிந்தானாம். "போம்மா. போ சொல்றேன் இல்ல."

ஏப்ரல் 8

வெட்டுப்பட்ட ஒரு கட்டையில் அரிசி அளவுக்குத் துளிர். ஒன்றில்தான். பாறைத் தண்ணீர் ஊற்றினேன்.

ஏப்ரல் 17

மாரியம்மாள் போய்விட்டாள்.

தொண்டூரில் நானும் ஒரு சேலையோடு போனேன், அவனும் ஒரு சேலையோடு வந்தான். "பொறந்த வீட்டுக் கோடி யாருப்பா போடறது?" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் சேதி தெரியும், விலகி நின்றார்கள். இருக்கிறவர்களில் நான் மூத்தவன். சேலையைப் பிரித்தேன். பெருவிரல் இல்லாத கையில் துணி நிற்கவில்லை, நழுவி நழுவி விழுந்தது.

பச்சைமுத்து தன் சேலையைக் கீழே வைத்துவிட்டு வந்தான். என் சேலையின் மறுமுனையைப் பிடித்தான். ஆட்டிடம் சொல்லவில்லை, காக்காயிடம் சொல்லவில்லை.

"கெட்டியா புடிண்ணே."

நெற்றித் தழும்பை மறைத்து, இருவருமாகப் போர்த்தினோம்.

ஐந்து பேரில் பூவாயி சின்னதிலேயே காய்ச்சலில் போனாள். பீமாராவ் அண்ணன் பனமலை ஏரியில். இப்போது மாரியம்மாள். கூடப் பிறந்து என்னை அடித்தவர்களிலும் நான் அடித்தவர்களிலும் இன்னும் உயிரோடு இருப்பவன் ஒருவன்தான். பச்சைமுத்து.