வில்லுக்கு முன்னால் நின்றவர்

அனுப்புநர்
பிரகதீஸ்வரி,
க/பெ. பஞ்சநதம்,
கீழத் தெரு, செறுவாய்மங்கலம்,
குடவாசல் வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
மாவட்ட வன அலுவலகம்.

பொருள்: நாரையை எய்து, எய்த வில்லிலேயே போனை மாட்டிப் படம் எடுத்தவரை விட்டுவிட்டு, படத்தில் முகம் தெரிந்த என் கணவரைக் கைது செய்தது – எய்தவர் வரும் வெள்ளிக்கிழமை வெளிநாடு செல்ல இருப்பது – அதற்குள் விசாரிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் ஊர் மகளிர் குழுவுக்காக மனு எழுதிப் பழக்கம் உண்டு. தெருவிளக்குக்கு எழுதியிருக்கிறேன், வாய்க்கால் தூர் வாரச் சொல்லி எழுதியிருக்கிறேன். பலவற்றுக்குப் பதில் வந்ததில்லை, நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இந்த மனுவை அப்படி எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. இதற்கும் பதில் வராவிட்டால் அடுத்து யாரிடம் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

2. என் கணவர் பஞ்சநதம் குத்தகைக்கு நெல் சாகுபடி செய்பவர். இது தவிர, எங்கள் வயலிலும் கேட்பவர்கள் வயலிலும் எலி பிடிக்கக் கிட்டி வைப்பார். கிட்டி என்பது வளைத்த மூங்கில் பத்தையில் கயிறு கட்டி, நடுவில் கொஞ்சம் பொரி வைத்த பொறி. எலி பொரியை இழுத்தால் கயிறு விடுபட்டு அதன் கழுத்தை இறுக்கும். பார்ப்பதற்குச் சின்ன வில் போலத்தான் இருக்கும். ஆனால் அதில் அம்பு வைக்க முடியாது, எதையும் எய்ய முடியாது. இதை ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

3. இந்த வருடம் கார்த்திகை மாதத்திலிருந்து எங்கள் பக்கத்து வயல்களில் வில் வேட்டை நடக்கிறது. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில். ஆன்லைனில் வரவழைக்கிறார்கள். கைப்பிடிக்கு மேலே ஒரு கிளிப் வைத்து, அதில் போனை மாட்டி, வீடியோவை ஓடவிட்டு, பிறகு நாணை இழுக்கிறார்கள். அம்பு கிளம்புவது முதல் பறவை விழுவது வரை அப்படியே படமாகிவிடுகிறது. கொக்கு, மடையான், நாரை, எது கண்ணில் பட்டாலும் சரி. சாப்பிடுவதற்குக்கூட எடுத்துப் போவதில்லை. படம் நன்றாக வந்துவிட்டதா என்று வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குறி தவறிய அம்புகள் எங்கள் சேற்றில் கிடக்கின்றன. களை எடுக்கப் போன பெண் ஒருத்திக்குக் காலில் குத்தி, தையல் போட வேண்டியதாயிற்று. அப்போதே நாங்கள் புகார் கொடுத்திருக்க வேண்டும். பெரிய வீட்டுப் பிள்ளைகள், விடுமுறைக்கு வந்தவர்கள், போய்விடுவார்கள் என்று எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டோம்.

4. சென்ற டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் நாள் சாயங்காலம் வைத்த கிட்டிகளை எடுப்பதற்காக என் கணவர் வயலுக்குப் போனார். எடுத்த கிட்டிகளைக் கட்டாகக் கட்டித் தோளில் போட்டிருந்தார். அப்போது எங்கள் வயலில் மேய்ந்துகொண்டிருந்த நத்தைகுத்தி நாரை ஒன்றின் மேல் அம்பு பாய்ந்தது. அது இறக்கையில் அம்போடு பயிருக்குள் விழுந்து அடித்துக்கொண்டது. நெல் பால் பிடிக்கிற நேரம். அது கிடந்து புரண்டால் அவ்வளவு பயிரும் போய்விடும், தவிர அவருக்கு ஒரு உயிர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வராது. இறங்கிப் போய்த் தூக்கினார்.

5. எதிர் வரப்பில் வில்லோடு நின்றவர் அவருக்குத் தெரிந்தவர்தான். அவரைப் பார்த்து என் கணவர் சத்தம் போட்டிருக்கிறார். என் கணவர் சொன்னது இதுதான்: "தம்பி, இது நத்தைய தின்னுட்டுப் போற பறவைங்க, இதப் போயி அடிக்கலாமா? உள்ள எறங்காதீங்க தம்பி, பயிரு போயிடும்." அதற்கு எதிர் வரப்பிலிருந்து வந்த பதில்: "அண்ணே, அப்படியே நில்லுங்க. கொஞ்சம் தூக்கிப் புடிங்க, அம்பு தெரியட்டும்."

என் கணவர் தூக்கிப் பிடித்தார்.

ஐயா, இந்த ஓர் இடத்தில்தான் எல்லாம் கெட்டது. ஏன் தூக்கினீர்கள் என்று சிறையில் பார்த்தபோது கேட்டேன். தூக்கச் சொன்னார், தூக்கினேன் என்றார். நிலக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்றைச் சொன்னால், மூளை யோசிப்பதற்கு முன்னால் கை செய்துவிடும். எங்களுக்கு அப்படியே பழகிவிட்டது. பறவை சிறிது நேரத்தில் செத்துப்போனதும் அம்பை உருவி, துணியில் துடைத்து, எய்தவரிடமே கொடுத்துவிட்டு, பறவையை வரப்போரம் புதைத்துவிட்டு வந்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

6. மறுநாளே அந்தப் படம் எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது. முன்பகுதியை வெட்டிவிட்டு, பேசிய சத்தத்தை எடுத்துவிட்டு, அதன் மேல் மேளச் சத்தம் போட்டிருந்தார்கள். அம்பு தைத்த நாரையைக் கையில் தூக்கிக்கொண்டு, தோளில் மூங்கில் வில்லுக் கட்டோடு, வாயைத் திறந்து கத்துகிற ஒரு ஆள் மட்டும்தான் அதில் தெரிகிறார். பார்க்கிற யாரும் வேட்டைக்காரன் கொண்டாடுகிறான் என்றுதான் நினைப்பார்கள். எனக்கே முதலில் பார்த்தபோது அப்படித்தான் தோன்றியது. என் மகள் குந்தவை பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வகுப்பில் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். அவள் பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள், வீட்டுப் போனைத் தொடுவதே இல்லை.

7. டிசம்பர் 16 அன்று தங்கள் துறை அலுவலர்கள் வந்து என் கணவரைக் கைது செய்தார்கள். மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார்கள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார்கள். வரப்போரம் தோண்டிப் பறவையை எடுத்தார்கள். பிறகு எங்கள் வீட்டுக் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்த கிட்டிகள் அத்தனையையும் வேட்டைக்குப் பயன்படுத்திய மூங்கில் வில்கள் என்று எழுதி எடுத்துப்போனார்கள். சார், இது எலி பிடிக்கிறதுங்க என்று நான் சொன்னேன். கோர்ட்டில் சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். கோர்ட்டில் அதைச் சொல்வதற்கு எங்களுக்கு ஆள் இல்லை. ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. என் கணவர் அன்று முதல் கிளைச் சிறையில் இருக்கிறார்.

8. தங்கள் அலுவலர்கள் கேட்காத ஒரு கேள்வியை நான் மிகப் பணிவுடன் கேட்கிறேன். வில்லில் மாட்டிய போன், வில்லுக்கு முன்னால் இருப்பதைத்தான் காட்டும். வில்லைப் பிடித்திருப்பவரைக் காட்டாது. என் கணவர் அந்தப் படத்தில் முழுதாகத் தெரிகிறார். அப்படியானால் வில் யார் கையில் இருந்தது? அவர் முன்னாலும் நின்று, பின்னாலும் நின்று எய்திருக்க முடியுமா? படத்தில் முகம் தெரிவதுதான் குற்றத்துக்குச் சாட்சி என்று வைத்துக்கொண்டால், செத்த நாரையின் முகமும் அதில் தெரிகிறது.

மேலே எழுதியது கோபத்தில் எழுதியது. மன்னிக்கவும். அந்த வரியை அடித்து அழிக்கவில்லை, அடித்தால் வேறு தாள் வாங்க வேண்டும்.

9. என் கணவர் இன்றுவரை எய்தவர் பெயரைச் சொல்லவில்லை. தங்கள் அலுவலர்கள் விசாரித்தபோதும் சொல்லவில்லை, நீதிமன்றத்திலும் சொல்லவில்லை. காரணம் நாங்கள் சாகுபடி செய்கிற நிலம். அது ஊரில் திரு. சாரங்கபாணி அவர்களுக்குச் சொந்தமானது. என் மாமனார் காலம் முதல் வாய்ப்பேச்சில்தான் குத்தகை, எழுத்தில் எதுவும் இல்லை. கைதான அன்று இரவே திரு. சாரங்கபாணி எங்கள் வீட்டுக்கு வந்தார். "பஞ்சநதம் வாயத் தெறக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்மா. வக்கீல நான் பாத்துக்குறேன். நீ தைரியமா இரு" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "அறுப்பு முடியட்டும், நெலத்தப் பத்தி அப்புறம் பேசிக்குவோம்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன வக்கீல் ஒரு முறை வந்து ஜாமீன் மனு போட்டதோடு சரி. அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

10. சிறையில் பார்க்கும்போதெல்லாம் என் கணவர் இரண்டு விஷயங்கள்தான் பேசுகிறார். ஒன்று, "பேரச் சொல்லிடாத ஈஸ்வரி, நெலம் போச்சுன்னா நாம எங்க போறது?" மற்றது, கிட்டி வைத்தாயா என்பது. கிட்டிகள் தங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைத்தேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

ஐயா, கதிர் வந்த பயிரை எலி எப்படி வெட்டும் என்பது தாங்கள் அறிந்ததே. நேற்று வயலில் இறங்கிப் பார்த்தேன். ஓரத்தில் பச்சையாகத்தான் நிற்கிறது. உள்ளே போனால் வட்டம் வட்டமாக வெட்டிப் போட்டிருக்கிறது. மருந்து வைக்கலாமே என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மருந்து தின்ற எலியை ஆந்தை தின்று செத்தால் அந்த வழக்கும் எங்கள் மேல் வருமோ என்று பயந்து வைக்கவில்லை. எந்த நிலத்துக்காக என் கணவர் வாயை மூடிக்கொண்டு உள்ளே இருக்கிறாரோ, அந்த நிலத்தில் அறுக்க இன்னும் கொஞ்ச நாளில் ஒன்றும் இருக்காது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் இந்த மனுவை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

11. நாரையை எய்தவர் திரு. சாரங்கபாணி அவர்களின் இளைய மகன் திரு. நெடுஞ்செழியன். மலேசியாவில் வேலை பார்க்கிறார். பொங்கல் வரை இருப்பதாக வந்தவர், இப்போது அவசரமாக வரும் வெள்ளிக்கிழமை இரவு திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிறார். அந்தப் போனும் அவரோடு போய்விடும்.

12. இது நான் வன்மத்தில் சொல்வது அல்ல. சாட்சி இருக்கிறது. குடவாசலில் செல்போன் கடை வைத்திருக்கும் திரு. அப்சர் என்பவரிடம்தான் திரு. நெடுஞ்செழியன் வில்லைக் கொண்டுபோய்ப் போன் மாட்டும் கிளிப்பைப் பொருத்தி வாங்கியிருக்கிறார். பைக்கில் போன் மாட்டுகிற கிளிப் அது. கண்காட்சிக்கு என்று தன்னிடம் சொன்னதாகத் திரு. அப்சர் சொல்கிறார். கிளிப் ஆடாமல் நன்றாகப் பிடித்தது என்று காட்டுவதற்காக, வெட்டாத முழு வீடியோவை அன்று காலையே திரு. நெடுஞ்செழியன் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதை நான் அவர் கடையில் நின்று பார்த்தேன். அம்பு போன் இருக்கும் பக்கத்திலிருந்து போகிறது. பறவை விழுந்த பிறகு என் கணவர் எதிர்ப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறார். ஐந்தாவது பத்தியில் நான் எழுதிய பேச்சு முழுவதும் அதில் கேட்கிறது, யார் குரல் என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். திரு. அப்சர் அதை அழிக்காமல் வைத்திருக்கிறார். தங்கள் முன் வந்து சாட்சி சொல்லவும், போனைக் கொடுக்கவும் சம்மதித்திருக்கிறார். அவருக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. தன் கையால் மாட்டிய கிளிப் என்று அவருக்கு உறுத்துகிறது.

13. ஆகவே ஐயா அவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் திரு. நெடுஞ்செழியனை அழைத்து விசாரித்து, அவருடைய வில்லையும் போனையும் கைப்பற்ற வேண்டும். திரு. அப்சரிடம் இருக்கும் வீடியோவை வாங்கிப் பார்த்து, பார்த்ததை அப்படியே நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பறவைகளின் மேலும், பயிரில் வேலை செய்கிறவர்கள் மேலும் இனி அம்பு பாயாமல் இந்த வில் வேட்டையை எங்கள் பகுதியில் நிறுத்த வேண்டும். இவ்வளவும் உடனே முடியாது என்றால், அந்தப் போன் விமானம் ஏறாமலாவது பார்த்துக்கொள்ளுங்கள். தங்கள் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

14. நாங்கள் குடியிருக்கும் மனையும் திரு. சாரங்கபாணி அவர்களுடையதுதான். இந்த மனு தங்கள் கைக்கு வந்த பிறகு, மேலே எழுதிய முகவரியில் நாங்கள் இருப்போமா என்று சொல்ல முடியாது. எனவே பதிலை வலங்கைமான், மேட்டுத் தெருவில் உள்ள என் அண்ணன் தமிழரசன் வீட்டுக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். பெயரை எழுதியதை என் கணவரிடம் நான் சொல்லவில்லை. தெரிந்தால் என்னை ஏசுவார். ஏசட்டும். வெளியே வந்து ஏசட்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
பிரகதீஸ்வரி

இடம்: செறுவாய்மங்கலம்
நாள்: 05.01.2026

இணைப்பு:
திரு. அப்சர் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதம்.
எலிக் கிட்டி ஒன்று. கைது நடந்த அன்று வயலில் இருந்ததால் தங்கள் அலுவலர்கள் கண்ணில் படாமல் தப்பியது. இதை வைத்துப் பறவையை எய்ய முடியுமா என்று ஐயா அவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். பார்த்த பிறகு, இந்த மனுவைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடவும். எங்களிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், இன்று சாயங்காலம் வயலில் வைக்க வேண்டும்.