கடையில் தொங்கும் விமானக் காத்தாடி

புரட்டாசி 18, ஞாயிறு

காலையில் தூறல். ரிப்பேருக்கு இரண்டு தண்ணி மோட்டார், இரண்டிலும் காயில் கம்பி புகைந்துபோனது. இந்த ஏழுமலை கை பட்டால் செத்த மோட்டாரும் ஓடும் என்று செங்கம் ரோடு முழுக்கப் பேச்சு. பேச்சைக் கிளப்பியவன் நான்தான். அதனால் என்ன?

மதியம் ஒரு வெள்ளைக்கார அம்மா கடை வாசலில் நின்றுவிட்டார். பெயர் ஹெலன், எழுபது வயதிருக்கும், ஆசிரமத்துப் பக்கம் ரூம். கண் முழுக்க என் தலைக்கு மேல் தொங்கும் மரக் காத்தாடி மேல். தாத்தா காலத்துச் சொத்து. ஆள் நீளம்.

பக்கத்து சீட் கவர் கடை காதர் பாய்க்கு இங்கிலீஷ் வரும். கூப்பிட்டேன். அது தப்பு.

"ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல, இவங்க தாத்தா மெட்ராஸ்லேர்ந்து சின்ன ப்ளேன் ஓட்டினு வந்தாராம். ரெண்டு சீட்டு, துணி றெக்கை. கீழ்பென்னாத்தூர்கிட்ட காஞ்ச ஏரியில எறக்கினாராம், ப்ளேன் வீணா போயிடுச்சாம். இது அதோட காத்தாடியான்னு கேக்கறாங்க."

முப்பது வருஷமாக நான் கத்துவது இதைத்தானே!

"எங்க தாத்தாதான் எறக்கினாருன்னு சொல்லுங்க பாய்."

"போன வாரம் கயிறு வீசிப் புடிச்சாருன்னீங்களே அண்ணே?"

"ரெண்டும்தான்."

"புடிச்சாரோ எறக்கினாரோ, காத்தாடிய சுட்டுனு வந்துட்டாரு."

எப்போதும் சொல்வதுதான், எப்போதும் சிரிப்பேன். இன்று அந்த அம்மா நிற்கும்போது சிரிப்பு வரவில்லை.

காத்தாடி நடுவில் நம்பர் குத்தியிருக்குமாம். அவர் தாத்தா எழுதிய கடிதத்தில் அந்த நம்பர் இருக்கிறதாம். செவ்வாய் எடுத்து வருகிறார்.

புரட்டாசி 19, திங்கள்

வெயில். மோட்டார் இரண்டும் அப்படியே.

இது எனக்கு மட்டும். தாத்தா சொன்னது: விமானம் இறங்கியது. ராத்திரி பேய்மழை, ஏரி நிரம்பியது. விமானம் காலி. அவ்வளவே.

நான் சேர்த்தது: கயிறு. துரைக்குக் கேழ்வரகுக் கூழ். இறங்குவதற்கு முன் விமானம் மலையைச் சுற்றியது (கிரிவலம் என்றால் நம் ஊர் ஜனம் நின்று கேட்கும்).

காத்தாடி எப்படிக் கைக்கு வந்தது? தாத்தா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாய் சொல்வதுபோலவே இருந்துவிட்டால்? அந்த அம்மா கேட்டால் கழற்றிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொக்கி மட்டும் தொங்கும். அதைப் பார்த்துக்கொண்டு எப்படி வேலை செய்வது?

சாப்பாடு இறங்கவில்லை. இரண்டே தோசை.

புரட்டாசி 20, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. காத்தாடியை இறக்கியாச்சு. நடுவில் நம்பரையே காணோம்! தொண்ணூறு வருஷப் பொட்டு. கழுவக் கூடாது, பழைய பொட்டின் மேலேயே புதுசு வைக்கணும், தாத்தா போட்ட சட்டம். சந்தனமும் குங்குமமும் அதிரசம் கனத்துக்கு ஏறியிருக்கிறது. உளியை எடுத்தேன்.

"சாமிப் பொருள போய் உளியால கொத்துவாங்களா? தள்ளுங்க!" என் சம்சாரம் சரோஜா. வெந்நீர், தேங்காய் நார். பொட்டு பாளம் பாளமாக வந்தது. றெக்கை எல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடக்க, பொட்டுக்கு அடியில் மட்டும் மரம் நேற்றுச் செய்த மாதிரி. நம்பர், பளிச்சென்று!

மதியம் ஹெலன் வந்தார். பாய் மரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஹெலன் கடிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கடைசி எண்ணுக்கு வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் கடிதத்தையே பாய் தமிழில் சொன்னார்.

"என்ஜின் மக்கர் பண்ணுச்சு. எறங்க எடம் தேடி மலைய ஒரு ரவுண்டு வந்தேன்..."

பாய் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் வெறும் கொக்கியைப் பார்த்தேன். மலையைச் சுற்றியது என் சரக்கு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்!

"காலையில பாத்தா ஏரி நெறஞ்சு, றெக்கை கிழிஞ்சு மெதக்குது. ஒரு விவசாயி கழுத்தளவு தண்ணியில மாடுங்களோட எறங்கி, என்ஜின இழுத்துனு வந்து கரை சேத்தாரு. காசு நீட்டினேன், வாங்கல. காத்தாடிய கழட்டிக் குடுத்தேன். தலையில வெச்சினு போனாரு."

"குடுத்தேன்னா இருக்குது?"

"குடுத்தேன்னுதாண்ணே இருக்குது."

இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். மூன்றாம் தரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

"கூழ் பத்தி?"

"அது இல்லண்ணே."

"மறந்திருப்பாரு."

ஹெலன் காத்தாடியைக் கேட்கவில்லை. கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சரோஜா சந்தனக் கிண்ணத்தை நீட்ட, முதல் பொட்டு அவர் வைத்தார். நம்பருக்குப் பக்கத்தில். எனக்குக் கண்ணில் ஏதோ தூசி.

புரட்டாசி 21, புதன்

பூஜை. பொரி, கடலை, பூசணிக்காய். கடையில் கால் வைக்க இடமில்லை. காத்தாடிக்கு மாலை, எனக்குப் புதுச் சட்டை. ஹெலன் முன்வரிசையில்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர், "இன்னாங்க இது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் குதித்துவிட்டார்.

"அண்ணனோட தாத்தா கழுத்தளவு தண்ணியில எறங்கி..."

"தலைக்கு மேல," என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். ஒரு வாய் பொரி போட்டுக்கொண்டார்.

"தலைக்கு மேல தண்ணிங்க," என்றார் அவரிடம்.